பழைய மலை வீட்டுக்குப் புதுப் பாணி விரிவாக்கம்: நான்கு பொருள்கள் மீது ஒரு கறாரான மதிப்பீடு

நீலகிரியில் குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் பக்கம் இன்னும் நிற்கும் பழைய வீடுகளின் உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றரை அடிக் கல் சுவர், சுண்ணாம்பு அல்லது மண் சாந்து, மேலே மங்களூர் ஓடு அல்லது நெளி தகரம், உள்ளே மரப்பலகைத் தரை, ஒரு கணப்பு. அறைகள் சின்னவை. ஜன்னல்கள் அதைவிடச் சின்னவை. இப்போது இவற்றை வாங்குகிறவர்களுக்கும், தாத்தா காலத்து வீட்டைப் பிரித்துக்கொண்ட பேரன்களுக்கும் வேண்டியது வேறு: பின்பக்கமாக நீளும் பெரிய சமையல் கூடம், தாழ்ந்த சாய்வுக் கூரை, பள்ளத்தாக்கைப் பார்த்த முழு உயரக் கண்ணாடி. இதற்கு ஒப்பந்தக்காரர் நீட்டும் மதிப்பீட்டுத் தாளில் நான்கு பொருள்கள் தவறாமல் இருக்கும். கூரைக்குப் பஃப் பேனல் (நடுவே நுரை வைத்த தகடு), சுவருக்கு ஏஏசி கல் (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த இலேசான கான்கிரீட் கல்), ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வைத்த யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம்), தோட்டத்துப் பக்கம் ஒரு பெரிய சறுக்குக் கதவு.

நான்கும் கோவையில் நல்ல சரக்கு. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியதும் ஒவ்வொன்றின் குணமும் கொஞ்சம் மாறுகிறது. அதைவிட முக்கியமான விஷயம், புது அறை பெரும்பாலும் நன்றாகவே அமைந்துவிடும். கெட்டுப்போவது அதற்கு முதுகு கொடுத்து நிற்கும் பழைய வீடுதான். அதனால் இங்கே ஒவ்வொரு பொருளையும் அது பழைய சுவரையும் பழைய ஓட்டையும் தொடும் இடத்தில் வைத்தே எடை போட்டிருக்கிறது.

பஃப் பேனல் கூரை

நான்கில் மலைக்கு மிகவும் பொருந்துவது இதுதான். இரண்டு பக்கமும் 0.5 மி.மீ. வண்ணத் தகடு, நடுவே பாலியூரிதேன் நுரை. நுரையின் அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோ அளவில் இருக்க வேண்டும். விலை குறைத்துச் சொல்பவர் பெரும்பாலும் இதில்தான் கை வைத்திருப்பார். கனம் 30 மி.மீ.யிலிருந்து கிடைக்கிறது. மலைக்கு 50 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஜனவரி இரவில் வெளியே 4 டிகிரி, உள்ளே 18 டிகிரி, சமைத்து முடித்த அறையில் ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் சுமார் 12.5 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீராக இறங்கிவிடும். ஒற்றைத் தகரத்தின் உட்புறம் அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருக்கும்; அதனால்தான் தகரக் கூரை வீடுகளில் மழையே இல்லாமல் விடிகாலையில் மெத்தை மேல் சொட்டுகிறது. கூரை வியர்க்கிறது என்று ஊரில் சொல்வது அறிவியல்படி சரியான சொல். 50 மி.மீ. பேனலின் உட்புறம் அதே இரவில் 17 டிகிரிக்கு மேலேயே இருக்கும். வியர்வை கிடையாது. மழைச் சத்தமும் தகரத்தைவிட வெகுவாகக் குறைவு, ஓட்டின் அமைதி வராது என்றாலும்.

எடையும் சாதகம். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல். பேனல் 10, 11 கிலோ. பழைய கல் சுவரின் மேல் ஒரு முனையைத் தாங்கவிடும்போது இந்த வித்தியாசம் பேசும்.

நீளம் விஷயத்தில் முதலிலேயே திட்டம் வேண்டும். தொழிற்சாலையில் 30 அடி, 40 அடி கூட ஒரே துண்டாக அடித்துக் கொடுப்பார்கள். அது மலைப்பாதைக் கொண்டை ஊசியில் திரும்ப வேண்டும், பிறகு பிரதான சாலையிலிருந்து வீடு வரைக்கும் ஆள் தோளில் வர வேண்டும். 20 அடிப் பேனல் ஒன்று சுமார் 65 கிலோ. நாலு பேர் தாராளமாகத் தூக்கலாம். ஆகவே கூரையின் சாய்வு நீளத்தை 20 அடிக்குள் அடக்கி வரைபடம் போடச் சொல்லுங்கள். மேலும் கீழுமாக இரண்டு துண்டு ஒட்டு போட்டால் அந்த ஒட்டுதான் ஐந்தாம் வருடம் ஒழுகும். தவிர்க்கவே முடியாவிட்டால் 200 மி.மீ. மேல்பொருத்து, நடுவே இரண்டு வரி பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் நாடா.

பேனல் ஒழுகுவதாக வரும் புகார்களில் பெரும்பாலானவை திருகுப் புகார்கள். திருகு பேனலின் மேட்டில் போக வேண்டும், பள்ளத்தில் அல்ல. மேடு வழியாக 50 மி.மீ. பேனலைத் துளைத்துக் கீழே இரும்புச் சட்டத்தைப் பிடிக்க 100 மி.மீ.க்குக் குறையாத திருகு தேவை. கையில் அந்த நீளம் இல்லாதபோது, எட்டுகிற இடமான பள்ளத்தில் அடித்துவிட்டுப் போவது வாடிக்கை. அடுத்தது ரப்பர் வாஷர். அது தகட்டை விட்டு லேசாகப் பிதுங்கித் தெரிய வேண்டும். முழுக்க நசுங்கியிருந்தால் இரண்டு வெயில் காலத்தில் வெடித்துவிடும்.

பேனலைக் கிரைண்டர் போட்டு அறுப்பதையும் அனுமதிக்காதீர்கள். பொறி தெறித்த இடமெல்லாம் பெயின்ட் வெந்து, மூன்று மழையில் செம்புள்ளி. ஜிக் ஸா அல்லது தகடு வெட்டும் நிப்ளர் போதும். வெட்டிய முனையில் நுரை வெளியே தெரியக் கூடாது. வெயில் பட்டால் மாவாக உதிரும், அதற்கு முன் எலியோ அணிலோ குடிவந்துவிடும். இறவாரத்திலும் பக்கவாட்டிலும் தகட்டு மூடி போட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும். பழைய கணப்பின் புகைபோக்கி இந்தக் கூரையைத் துளைத்து வருவதாக இருந்தால், சுற்றியுள்ள நுரையை வெட்டி விலக்கி, தீப்பிடிக்காத ராக்வூல் பஞ்சு அடைத்து இரும்புக் கழுத்துப்பட்டை வைக்க வேண்டும். பஃப் நுரை எரியும் பொருள். இதைச் சொல்ல மறந்துவிடும் விற்பனையாளர்கள் அதிகம்.

ஓடும் பேனலும் சேரும் இடம்

பழைய ஓட்டுக் கூரை 30 டிகிரிக்கு மேல் சரிந்து வரும். புதுப் பேனல் 8, 10 டிகிரிதான். பழைய இறவாரத்துக்குக் கீழே பேனலின் மேல்முனையை நுழைத்துவிட்டால் தண்ணீர் தானாக மேலிருந்து கீழே வழிந்து போகும். இதைவிட நல்ல தீர்வு கிடையாது. சிக்கல் என்னவென்றால் பழைய இறவாரம் எட்டடி உயரத்திலேயே முடிந்திருக்கும், புது அறைக்கோ பத்தடி உயரம் வேண்டும் என்று ஆசை. உடனே பேனலை எதிர்ச் சாய்வில் தூக்கி, இரண்டு கூரைக்கும் நடுவில் ஒரு பெட்டி வாய்க்கால் வைப்பார்கள். படத்தில் அது மிக அழகாக இருக்கும். இரண்டு கூரைத் தண்ணீரும் வீட்டின் நட்ட நடுவில் வந்து நிற்கும்.

மணிக்கு 100 மி.மீ. மழை என்றால் 50 சதுர மீட்டர் கூரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் 5,000 லிட்டர் இறங்கும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு இது அதிசயமான மழை அல்ல. 2009 நவம்பரில் இதே பக்கத்தில் என்ன பெய்தது, எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பெட்டி வாய்க்கால்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஓரடி அகலம், ஆறு அங்குல ஆழம், நூற்றுக்கு ஒன்று சாய்வு, இரண்டு முனையிலும் நாலு அங்குலக் குழாய், அதற்கு மேலே தண்ணீர் நிரம்பினால் வெளியே கொட்ட ஒரு திறந்த மூக்கு. அந்த மூக்கு உயிர்நாடி. சில்வர் ஓக் இலை ஒரு கை அளவு போதும் குழாய் வாயை அடைக்க. மூக்கு இல்லாவிட்டால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி மரச்சட்டத்தின் மேல் இறங்கும். ஏணி வைத்து ஏறித் துப்புரவு செய்ய வழியில்லாத வாய்க்காலை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கூரை பழைய சுவரில் முட்டும் இடத்தில் தகட்டுப் பட்டை சுவரோடு 150 மி.மீ. ஏற வேண்டும்; அதன் மேல்விளிம்பு கல் இடுக்கில் ஓர் அங்குல ஆழம் வெட்டிய காடிக்குள் மடங்கிப் போக வேண்டும். சுவரின் மேல் ஒட்டவைத்து ஓரத்தில் சிலிகான் பூசினால் வேலை அரை நாளில் முடியும். அந்தச் சிலிகானும் பெரும்பாலும் புளிப்பு வாடை அடிக்கும் மலிவு ரகம். சுண்ணாம்பிலும் சிமென்டிலும் அது பிடிக்காது, பட்டையாக உரிந்து வரும். பாலியூரிதேன் சீலன்ட் கேளுங்கள்.

ஏஏசி கல்

பொருள் நல்லது. மலையில் அதைக் கையாளும் முறைதான் பெரும்பாலும் தப்பு. கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோ என்பதால் சரிவில், அதுவும் பாதி மண் கொட்டிச் சமன் செய்த இடத்தில், அஸ்திவாரத்துக்குப் பெரிய ஆறுதல். மணல், செங்கல், ஜல்லி எல்லாமே கீழிருந்து வருகிற ஊரில் லாரி வாடகையும் மிச்சம். எட்டு அங்குல ஏஏசி சுவர் பழைய ஒன்றரை அடிக் கல் சுவரைவிட மூன்று மடங்கு குளிர் தாங்கும்.

ஆனால் அது தண்ணீரைக் குடிக்கும். திறந்த லாரியில், மலைப்பாதையில் பர்லியார் பக்கத்து மழையில் நனைந்து வந்த கல்லை அப்படியே கட்டினால், ஆறு மாதம் கழித்து அது காய்ந்து சுருங்கும்போது பூச்சில் படிக்கட்டு மாதிரி விரிசல் விழும். சமவெளியில் ஒரு வாரத்தில் காய்வது இங்கே மூடுபனி மாதங்களில் காயவே காயாது. பலகை மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு, பக்கவாட்டில் காற்றோட விட வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை ஏஏசி வேண்டவே வேண்டாம். அதுவரை கருங்கல் அல்லது கான்கிரீட் சாலிட் பிளாக், அதன் மேல் ஈரத்தடுப்புப் பூச்சு, பிறகுதான் ஏஏசி. இறவாரத் தண்ணீர் தரையில் பட்டுத் தெறிக்கும் உயரம் அது. வெளிப்பூச்சில் சிமென்டை அள்ளிப் போடுவதும் தப்பு. சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற கலவை, நாலு நூல் (அரை அங்குலம்) அல்லது ஐந்து நூல் கனம், கான்கிரீட் தூண் சேரும் இடமெல்லாம் ஃபைபர் வலை. கீசர், மேல் அலமாரி மாட்டும் இடங்களை முன்பே குறித்து அங்கே மட்டும் சாலிட் பிளாக் வைத்துவிடச் சொல்லுங்கள். தண்ணீர் நிறைந்த 25 லிட்டர் கீசரை ஏஏசியில் சாதாரண ஆணிச் செருகி தாங்காது.

இனி பழைய சுவரோடு அதன் உறவு. புதுச் சுவரைப் பழைய கல்லுக்குள் பல் விட்டுக் கட்டுவது மேஸ்திரிகளின் பழக்கம். உறுதியாக இருக்கும் என்று நினைப்பு. பழைய அஸ்திவாரம் எப்போதோ அமர்ந்து முடிந்தது. புதியது முதல் இரண்டு மழைக்குள்தான் அமரும். பல் விட்டிருந்தால் கிழிவது பழைய சுவர். 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விட்டு, நுரைக் கயிறு திணித்து, மேலே பாலியூரிதேன் சீலன்ட், வெளியே ஒரு தகட்டு மூடி. அஸ்திவாரக் குழி தோண்டும்போதும் பழைய கல் அடித்தளத்தின் கீழ்மட்டத்துக்குக் கீழே ஒரேயடியாகப் போகாமல், மூன்றடி மூன்றடியாக விட்டு விட்டுத் தோண்ட வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் யாரும் கவனிக்காத ஒன்று பழைய மரத்தரைக்கு அடியில் இருக்கிறது. பலகைக்குக் கீழே காற்றோட வெளிச்சுவரின் அடிப்பக்கம் சின்னச் சின்ன இரும்புக் கம்பித் துளைகள் வைத்திருப்பார்கள். பின்பக்கம் அறை நீட்டும்போது புதுத் தரையின் மண் நிரப்பும் கான்கிரீட்டும் அந்தத் துளைகளை மூடிவிடும். முன்பக்கத் துளைகள் மட்டும் இருந்து பயனில்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். இரண்டு, மூன்று பருவமழை கழித்துப் பழைய படுக்கையறையில் காளான் வாடை வரும், பிறகு நடந்தால் பலகை அமுங்கும். நூறு வருடம் நின்ற விட்டம் சுவருக்குள் நுழையும் முனையில் மக்கியிருக்கும். தீர்வு மிக மலிவு. ஒவ்வொரு துளைக்கும் ஒரு நாலு அங்குல பிவிசி குழாய், புதுத் தரைக்கு அடியிலேயே வெளிச்சுவர் வரை, வெளிப்பக்கம் லேசாகச் சரித்து, முனையில் எலி நுழையாத வலை. கான்கிரீட் போடும் முன் செய்தால் ஒரு நாள் வேலை. போட்ட பின் நினைவு வந்தால் தரையை உடைக்க வேண்டும்.

இரட்டைக் கண்ணாடி யூபிவிசி ஜன்னல்

வாங்கலாம். ஆனால் எங்கே செய்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

மேலே சொன்ன அதே ஜனவரி இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் 7 டிகிரி அளவுக்கு இறங்கும். காலையில் ஜன்னல் படியில் தண்ணீர் தேங்கும். 5-12-5, அதாவது இரண்டு 5 மி.மீ. கண்ணாடி, நடுவே 12 மி.மீ. இடைவெளி வைத்தால் உட்புறம் 13 டிகிரி அளவில் நிற்கும். மயிரிழையில் தப்பிக்கிறது என்று பொருள். கீழ் ஓரத்தில் அலுமினியப் பட்டை இருக்கும் இடம் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது குறைபாடு அல்ல.

சிக்கல் உயரத்தில். நடுவில் அடைத்த காற்று கோவைத் தொழிற்சாலையின் காற்றழுத்தத்தில் அடைபட்டது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. ஊட்டியில் காற்றழுத்தம் கோவையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெளியிலிருந்து அழுத்துகிற கை தளர்ந்ததும் உள்ளே அடைபட்ட காற்று இரண்டு கண்ணாடியையும் வெளிப்பக்கம் தள்ளும். பெரிய கண்ணாடியில் அது உப்பலாகத் தெரியும். எதிர்மலையின் பிம்பம் சந்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வளையும். குறுகலான சின்னக் கண்ணாடிதான் அதிக ஆபத்து. அது வளையாது, அதனால் அழுத்தம் முழுவதும் ஓரத்து ஒட்டில் விழும், ஒன்று ஒட்டு விடும் அல்லது கண்ணாடி கீறும். ஒட்டு விட்டால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நிரந்தர மூட்டம். துடைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். இதைக் கட்டட வேலையின் அதிர்வு, மரச்சட்டத்தின் சுருக்கம் என்று பல பெயரில் சொல்லித் தப்பிப்பவர்கள் உண்டு.

ஆர்டர் கொடுக்கும்போதே வீடு எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று தாளில் எழுதுங்கள். ஓரப் பட்டையில் மெல்லிய அழுத்தச் சமன் குழாய் வைத்துச் செய்துதரச் சொல்லுங்கள். அல்லது ஒரு சின்ன வாயைத் திறந்தபடி மேலே கொண்டுவந்து, ஒரு நாள் வைத்திருந்து அழுத்தம் சமமான பிறகு தளத்திலேயே அடைக்கச் சொல்லுங்கள். இப்படிச் செய்யும் கண்ணாடிக்கு ஆர்கான் வாயு நிரப்பக் காசு கொடுப்பது வீண், அது குழாய் வழியே வெளியேறிவிடும். இந்தக் கேள்விக்கு விற்பனையாளர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.

கண்ணாடியின் நிறம் பற்றி ஒரு வரி. நீலமோ பச்சையோ பளபளக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி சமவெளி வெயிலுக்குச் செய்தது. இங்கே கிடைக்கிற கொஞ்சம் வெயிலையும் திருப்பி அனுப்பக் காசு கொடுப்பானேன்?

சட்டத்தில் சறுக்கு ஜன்னலைவிட, திறந்து மூடும் கதவு ஜன்னல் மலைக்கு நல்லது. சறுக்கு ஜன்னலில் இடைவெளியை அடைப்பது பிரஷ் மயிர். காற்றோடு வரும் மழையை அது தடுக்காது. கதவு ஜன்னல் ரப்பர் மேல் அழுந்தி மூடும். உள்ளே இரும்புக் குழாய் வைத்த சட்டமா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். கீழ்ச் சட்டத்தின் வடி துளைகளைப் பூச்சுக்காரர் அடைத்துவிட்டாரா என்பதையும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

இவ்வளவு இறுக்கமாக அடைத்த வீட்டில் ஈரம் எங்கே போகும்? சுடுநீரும் சமையலும் கிளப்பிய ஆவி, வெதுவெதுப்பான புதுக் கூடத்தில் எங்கும் படியாமல், கதவு வழியே பழைய படுக்கையறைக்குப் போய்க் குளிர்ந்த கல் சுவரில் இறங்கும். பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. புது அறை கட்டிய பிறகுதான் பழைய அறை கெட்டது என்று வரும் புகாரில் பாதி இதுதான். அடுப்புக்கு மேலே வெளியே தள்ளும் விசிறி, குளியலறையில் இன்னொன்று, பீரோவுக்கும் சுவருக்கும் மூன்று அங்குல இடைவெளி. கணப்பை அடைப்பதாக இருந்தால் முழுக்க அடைக்காமல் ஒரு காற்றுத் துளை விடுங்கள். இறுக்கமான ஜன்னல் உள்ள அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து, அதில் பேச்சுக்கு இடமில்லை.

அந்தப் பழைய கல் சுவருக்குச் சிமென்ட் பூச்சும் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்டும் அடித்துப் புதுச் சுவரோடு ஒரே நிறமாக்கும் ஆசையையும் விட்டுவிடலாம். உள்ளே ஊறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பைக் கக்கும், பூச்சு கொப்புளிக்கும். ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்பு வெள்ளை. தரைக்கு விட்ரிஃபைட் டைல் போட்டால் டிசம்பரில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. கான்கிரீட்டுக்கு அடியில் ஓர் அங்குல எக்ஸ்பிஎஸ் அட்டையும் (கெட்டி நுரை அட்டை) மேலே எஸ்பிசி பலகையும் (கல்மாவும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) சரி. லேமினேட் பலகை மழைக்காலத்தில் ஓரம் உப்பும்.

பெரிய சறுக்குக் கதவு

நான்கில் இதுதான் குறைந்த மதிப்பெண் வாங்குகிறது. படத்தில் உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டமாக ஓடும். மலையில் வெளித்தரை நாலு முதல் ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஒரே மட்டம்தான் வேண்டும் என்றால் கதவின் முழு நீளத்துக்கும் கம்பிச் சல்லடை போட்ட நாலு அங்குல வாய்க்கால், அதன் வடிகால் தோட்டத்தில் தடுப்புச் சுவரின் பின்னால் முடியாமல் அதைத் தாண்டி வெளியே. தடுப்புச் சுவரின் முதுகில் விடும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் அதைத் தள்ளும். மழையைப் பார்த்த திசையில் நாலடி நீட்டிய கூரை நிழல் இல்லாமல் இந்தக் கதவை வைக்கவே வேண்டாம்.

கண்ணாடி டஃபன்ட் (சூடாக்கிக் கெட்டிப்படுத்தியது) என்பது மட்டும் போதாது. கோத்தகிரி, குன்னூர் ஓரங்களில் எண்ணெய் வாடைக்குக் கரடி வந்து கதவை உடைப்பது புதிதல்ல. டஃபன்ட் உடைந்தால் மொத்தமாகக் கொட்டிவிடும், வாசல் திறந்துவிட்ட கணக்கு. 5 மி.மீ. கண்ணாடி, நடுவில் 1.52 மி.மீ. பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம், மறுபடி 5 மி.மீ. என்ற லேமினேட்டட் ரகம் உடைந்தாலும் சட்டத்திலேயே தொங்கும். விலை கூடுதல்தான். எண்ணெய் டின்னை அந்தக் கதவருகே வைக்காமல் இருப்பது இலவசம்.

ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு விஷயம். மலைப்பகுதிக் கட்டட விதிப்படி உயரம் 7 மீட்டருக்குள் அடங்க வேண்டும், கீழ்ப்பக்கச் சரிவிலிருந்து அளந்தால் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், பொக்லைன் இறக்கவும் அனுமதி வேண்டும். கூரையைப் பிரிக்கும் வேலையை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், உறைபனி இரவுகளில் சாக்கும் தார்ப்பாயும் போர்த்த வேண்டும், தாங்கும் முட்டுக்கட்டைகளைச் சமவெளிக் கணக்கில் பிரிக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் கடைசித் தவணையாகப் பத்து விழுக்காட்டை நவம்பர் மழை முடியும் வரை நிறுத்திவைக்க ஒரு வரி எழுதுங்கள். முதல் கனமழை இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டிய இடங்கள்: தகட்டுப் பட்டை சுவருக்குள் மடங்கும் காடி, பெட்டி வாய்க்காலின் மூக்கு, பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடைவெளியின் அடி, சறுக்குக் கதவின் இரண்டு மூலை. பழைய படுக்கையறையில் ஒரு பலகையைத் தூக்கி, அடியில் கையை விட்டுக் காற்று வருகிறதா என்றும் பாருங்கள்.